ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு வீடு

சமுதாயக் கூடம் என்றதும் நம் மனதில் வருவது ஒரு மாநகராட்சிக் கட்டடம். கல்யாண மண்டபத்துக்குக் காசு கொடுத்து மாளாதவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். காதுகுத்து, வளைகாப்பு, வெள்ளம் வந்தால் நிவாரண முகாம். மற்ற நாட்களில் பூட்டுத் தொங்கும். அமெரிக்க நகரங்களில் இதே பெயரில் இருப்பது கொஞ்சம் வேறு சங்கதி. காலையில் முதியவர்களுக்கு உடற்பயிற்சி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, ராத்திரி புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலப் பாடம் என்று நாள் முழுக்கக் கதவு திறந்திருக்கும்.

நகர மையத்தை ஒட்டிய ஒரு பழைய பேட்டையில் அப்படியொன்றைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்றால் இப்போதெல்லாம் முதலில் கூட்டம் போடுகிறார்கள். சுவரில் பகுதியின் வரைபடம், ஒட்டுவதற்கு வண்ணச் சீட்டுகள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் படிவம். மென்பொருள் வேலையில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பழக்கம். நாங்களும் இதைத்தான் செய்கிறோம். பயனரிடம் கேள், தேவையை எழுது, வடிவமை, கட்டு, மறுபடி போய்க் கேள். இந்த முறைக்கு ஒரே ஒரு பிறந்த இடத்தைக் காட்ட முடியாது. ஆனால் கேட்பது, எண்ணுவது, வரைவது, கட்டுவது, கடைசியில் இடிப்பது என எல்லாமே ஒரே தெருமுனையில், 74 ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்த இடம் ஒன்று உண்டு. சிகாகோ நகரின் ஹல் ஹவுஸ்.

சாராயக் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவே

சார்லஸ் ஹல் என்ற நில வியாபாரி 1856ல் ஹால்ஸ்டெட் தெருவில் தனக்கொரு செங்கல் வீடு கட்டினார். அப்போது அது ஊருக்கு வெளியே. 1871ல் சிகாகோவைச் சாம்பலாக்கிய தீ இந்த வீட்டிலிருந்து சில தெரு தள்ளித்தான் பற்றியது. காற்று வடகிழக்காக அடித்ததால் வீடு தப்பியது. ஊர் வளர்ந்து வீட்டைச் சூழ்ந்தது. வசதியானவர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். இத்தாலியர்கள், ஜெர்மானியர்கள், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர்கள், பொஹீமியர்கள், ஐரிஷ்காரர்கள், அப்புறம் கிரேக்கர்கள் வந்து நிரம்பினார்கள். 1889ல் அந்த வீட்டுக்கு ஒரு பக்கம் சாராயக் கடை, இன்னொரு பக்கம் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறவரின் கடை. கீழ்த்தளம் பின்னாலிருந்த தொழிற்சாலையின் கிடங்காகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருடம் செப்டம்பர் 18ஆம் தேதி இரண்டு பெண்கள் அங்கே குடிவந்தார்கள். ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார். கல்லூரித் தோழிகள். ஆடம்ஸுக்கு 29 வயது. அப்பா இலினாய் மாநில மேலவை உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனுக்குத் தெரிந்தவர். படிப்பு முடிந்து எட்டு வருடமாக ஆடம்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மருத்துவம் படிக்கப் போய் உடல்நலம் கெட்டு நின்றது. ஐரோப்பாவை இரண்டு தடவை சுற்றினார். 1888ல் லண்டன் கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹால் என்ற இடத்தைப் பார்த்தார். பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே வந்து தங்கி, அவர்களோடு பழகி, வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே மாதிரி ஒன்றைச் சிகாகோவில் செய்யலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் திட்டம்.

முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ஸ்டார் அக்கம்பக்கத்து இளம்பெண்களைக் கூட்டி ஜார்ஜ் எலியட்டின் 'ரொமோலா' நாவலை வாசித்துக் காட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸ் நகரத்தின் கதை. சாக்கடை நாறும் தெருவில் நாவல் வாசிப்பு. கேட்க வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் மெல்ல வேறு விஷயங்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகிற நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா? பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட யாராவது வருவார்களா? சீக்காளியின் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார ஆள் கிடைக்குமா? இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட முடியுமா? குடிவந்த கொஞ்ச நாளிலேயே மழலையர் பள்ளி தொடங்கிவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் ஹெலன் கல்வர் வாடகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்.

சத்துள்ள சூப்பு

கேட்டுச் செய்தபோதெல்லாம் எல்லாம் நன்றாக நடந்ததா என்றால் இல்லை. எனக்குப் பிடித்த உதாரணம் பொதுச் சமையலறை.

அந்தப் பேட்டையின் பெண்கள் வீட்டிலேயே தையல் வேலை செய்தார்கள். கால்சட்டைக்குக் கடைசித் தையல் போட்டுக் கொடுத்தால் சொற்பக் கூலி. வேலை மும்முரமாக இருக்கும் மாதங்களில் அடுப்பு பற்றவைக்க நேரம் கிடையாது. டப்பாவில் அடைத்த உணவைச் சூடு பண்ணிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பிள்ளைகள் கையில் காசைக் கொடுத்து மிட்டாய்க் கடைக்கு அனுப்புவார்கள். இதையெல்லாம் ஹல் ஹவுஸ்காரர்கள் நேரில் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கிச்சன் என்று ஒன்று அப்போது பேர் வாங்கியிருந்தது. மலிவான இறைச்சியை மெதுவான தீயில் பல மணி நேரம் வேகவைத்து, எவ்வளவு சத்து என்று கணக்குப் பார்த்து விற்பார்கள். ஓர் ஆளை அங்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். ஹல் ஹவுஸில் சமையலறை திறந்தது. சூப்பு, ஸ்ட்யூ எல்லாம் அளவெடுத்தாற்போல் தயார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கவில்லை. ஒரு பெண்மணி ஆடம்ஸிடம் ஒளிக்காமல் சொன்னார்: சத்து இருக்கிறது, சரி, ஆனால் சத்துள்ளதைச் சாப்பிட எனக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடப் பிடிக்கும். சிசிலியிலிருந்து வந்தவளுக்கும் பொஹீமியாவிலிருந்து வந்தவளுக்கும் ஒரே பாஸ்டன் சூப்பைப் போட்டால் அப்படித்தான் ஆகும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மருந்துதான் நாக்குக்கு ஒட்டவில்லை. தரவு நேரமின்மையைக் காட்டியது, ருசியைக் காட்டவில்லை. நாங்கள் மாதக்கணக்கில் ஆய்வு செய்து கட்டும் செயலிகளில் பாதி இந்தச் சூப்பு ரகம்தான்.

சமையலறையை ஒட்டி ஒரு காஃபி ஹவுஸும் திறந்தார்கள். சாராயக் கடைக்கு மாற்றாக இருக்கட்டும் என்பது நோக்கம். பார்க்க வந்த ஒருவர் நாள் முழுக்க உட்காரத் தோதான இடம், பீரும் கிடைத்தால் இன்னும் தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் தோற்கும் என்றுதான் தோன்றியது. ஆனால் அங்கே சூடு இருந்தது, நாற்காலி இருந்தது, எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கக் கூட்டங்கள், பிறந்தநாள் விருந்துகள், தொழிற்சாலைப் பெண்களின் மதியச் சாப்பாடு என்று இடம் நிரம்பியது. திட்டமிட்டவர்கள் எதைச் சத்து என்று நினைத்தார்களோ அதை ஜனங்கள் ஒதுக்கிவிட்டு, ஓரமாகப் போட்ட நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தோல்வியை மூடி மறைக்காமல் ஆடம்ஸ் தன் புத்தகத்தில் எழுதி வைத்தார் என்பதால்தான் இன்று நமக்கு இது தெரிகிறது.

வண்ணம் பூசிய வீடுகள்

1891 டிசம்பர் கடைசியில் ஃப்ளாரன்ஸ் கெல்லி மூன்று குழந்தைகளோடு கணவனைப் பிரிந்து சிகாகோ வந்து ஹல் ஹவுஸ் கதவைத் தட்டினார். எங்கெல்ஸின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், சோஷலிஸ்ட், கோபக்காரர். வாசிப்பு, ஓவியம் என்று போய்க்கொண்டிருந்த இடத்துக்கு எண்களைக் கொண்டுவந்தவர் இவர்.

1893ல் அமெரிக்கத் தொழிலாளர் துறை பெருநகரச் சேரிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. சிகாகோ பகுதி கெல்லியின் பொறுப்பு. ஹல் ஹவுஸுக்குக் கிழக்கே மூன்றில் ஒரு சதுர மைல். நான்கு பேர் வீடு வீடாக, அறை அறையாகப் போனார்கள். எத்தனை பேர், எந்த நாடு, என்ன வேலை, வாரத்துக்கு எவ்வளவு கூலி. அரசாங்கத்துக்கு அனுப்பிய அதே விவரத்தை ஹல் ஹவுஸ்வாசிகள் படியெடுத்து வைத்துக்கொண்டு வரைபடத்தில் ஏற்றினார்கள். லண்டனில் சார்லஸ் பூத் தெருத் தெருவாக வறுமையை வண்ணம் பூசிக் காட்டியது அவர்களுக்கு முன்மாதிரி. ஆனால் பூத்தின் வண்ணம் தெருவுக்கு. இவர்கள் ஒவ்வொரு மனையாகப் பிரித்தார்கள். ஒரு வரைபடம் நாட்டினத்துக்கு, 18 பிரிவுகள். இன்னொன்று கூலிக்கு. குடும்பத்துக்கு வாரம் 5 டாலரும் அதற்குக் கீழும் என்றால் கறுப்பு, 20 டாலருக்கு மேல் என்றால் மஞ்சள், இடையில் நீலம், சிவப்பு, பச்சை. 1895ல் 'ஹல் ஹவுஸ் மேப்ஸ் அண்ட் பேப்பர்ஸ்' என்ற தலைப்பில் புத்தகமாக வந்தது.

இன்றைக்கு ஒரு மத்தியான நேரத்தில் பத்து வரி நிரல் எழுதி இப்படியொரு வண்ணப் படத்தை உருவாக்கிவிடலாம். அதனால் அதன் கனம் நமக்குப் புரிவதில்லை. கையால் நிரப்பிய ஒவ்வொரு சதுரத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் மாடியேறிப் போய், ஈரத்துணி காயும் அறையில் நின்று, உன் புருஷன் என்ன சம்பாதிக்கிறான் என்று கேட்டிருக்கிறார். வரைபடங்களுக்கு விளக்கம் எழுதிய ஆக்னஸ் ஹோல்புரூக் இதை உணர்ந்திருந்தார். இப்படித் துருவித் துருவிக் கேட்பது பொறுக்க முடியாத அத்துமீறல், இதனால் அந்த மக்களின் நிலை மாறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் இதற்கு நியாயம் என்ற பொருளில் அந்த விளக்கத்திலேயே எழுதினார். தரவு சேகரிக்கிறவர்கள் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய கருத்து.

நிலை மாறவும் செய்தது, கொஞ்சம். 1893ல் இலினாய் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை, குழந்தை உழைப்புக்குக் கட்டுப்பாடு. ஆளுநர் ஆல்ட்கெல்ட் கெல்லியையே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமித்தார். எட்டு மணி நேர விதியை 1895ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மீதி நின்றது.

குப்பையும் கவுன்சிலரும்

பத்தொன்பதாம் வார்டில் குப்பை அள்ளுவதை நகராட்சி ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தது. ஒப்பந்தக்காரர் அள்ளுவதில்லை. தெருவில் மரப்பெட்டிகள் நிரம்பி வழிந்தன. பலமுறை புகார் கொடுத்து ஓய்ந்துபோன ஆடம்ஸ் கடைசியில் தானே ஒப்பந்தப்புள்ளி கொடுத்தார். ஏதோ ஒரு விதியைக் காட்டி நிராகரித்தார்கள். ஆனால் செய்தி பத்திரிகையில் வந்ததால் மேயர் 1895ல் அவரையே வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். வருடம் 1,000 டாலர் சம்பளம். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போனார். ஒரு குறுகலான தெருவில் 18 அங்குலக் குப்பையைத் தோண்டியபோது கீழே கல் பாவிய சாலை தட்டுப்பட்டது. அங்கே சாலை இருந்ததே பலருக்குத் தெரியாது.

இந்த வெற்றிக்குப் பின் அவர்கள் வார்டின் ஆல்டர்மனை, அதாவது கவுன்சிலரை, மாற்றப் பார்த்தார்கள். ஜானி பவர்ஸ். லஞ்சத்துக்குப் பேர்போனவர். 1896லும் 1898லும் ஹல் ஹவுஸ் அவரை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. இரண்டு தடவையும் பவர்ஸ்தான் ஜெயித்தார்.

ஆடம்ஸ் இதற்குக் காரணம் தேடி ஒரு கட்டுரை எழுதினார். ஜனங்கள் ஏமாளிகள் என்று அதில் எழுதவில்லை. பவர்ஸ் கல்யாணத்துக்கு மொய் வைக்கிறார், சாவு வீட்டுக்கு வண்டி அனுப்புகிறார், கிறிஸ்துமஸுக்கு வான்கோழி தருகிறார், பிள்ளை போலீசில் மாட்டினால் எடுத்துவிடுகிறார், வேலை வாங்கித் தருகிறார். இதில் பாதி அவர் அடித்த பணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கஷ்டத்தில் வந்து நிற்கிறவன் நல்லவன் என்பது அந்தத் தெருவின் நீதி. சீர்திருத்தக்காரர்கள் நேர்மையைப் பேசினார்கள், பவர்ஸ் சாவு வீட்டில் நின்றார். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடம்ஸ் தன்னைத் தோற்கடித்தவனிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

விளையாட்டு மைதானத்தின் விலை

ஹல் ஹவுஸ் வளர்ந்தது. 1891ல் ஓவியக்கூடம், 1893ல் உடற்பயிற்சிக்கூடம். இசைப்பள்ளி, நாடக அரங்கு, வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்து நடத்திய விடுதி. கட்டடங்களை பாண்ட் சகோதரர்கள் வடிவமைத்தார்கள். ஒரே முழு வரைபடம் வைத்து எழுப்பிய வளாகம் இல்லை அது, தேவை வந்தபோது ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1907க்குள் 13 கட்டடங்கள். ஏழை யூதத் தையல்காரர் ஒருவரின் மகன் பென்னி குட்மன் அங்கே சிறுவர் பேண்டில் வாசித்தான், பிறகு ஜாஸ் உலகின் ராஜாக்களில் ஒருவனானான். அலிஸ் ஹாமில்டன் அங்கே தங்கியிருந்து ஈய நஞ்சைப் பற்றி ஆராய்ந்தார், ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியரானார். ஜூலியா லாத்ரப் 1912ல் மத்திய அரசின் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தலைவரானார்.

1900ல் தொடங்கிய தொழில் அருங்காட்சியகம் இன்னும் நுட்பமானது. குடியேறியவர்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் படித்துவிட்டு, முக்காடு போட்ட அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். ஓர் இத்தாலியப் பெண், அம்மா வருகிற வாசலில் தானும் நுழையாமல் வேறு வாசலில் வருவாளாம். ஆடம்ஸ் அந்த அம்மாக்களையே அழைத்துக் கதிரில் நூல் நூற்கச் சொன்னார். சுற்றி நின்று படித்தவர்கள் வியந்து பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். அப்புறம் ஒரே வாசலில் வந்தாள்.

இப்படியே நல்ல கதையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த வரலாற்றில் என்னைத் தடுத்து நிறுத்திய இடம் விளையாட்டு மைதானம்.

அந்தப் பகுதியில் வில்லியம் கென்ட் என்ற பணக்கார இளைஞருக்குச் சில வாடகைக் குடியிருப்புகள் இருந்தன. ரொம்ப மோசமான நிலை. ஹல் ஹவுஸ்காரர்கள் அவர் பேரைச் சொல்லியே பொதுவில் கண்டித்தார்கள். கென்ட் முதலில் கோபப்பட்டார், பிறகு நேரில் வந்தார், கடைசியில் அந்தச் சொத்தையே ஹல் ஹவுஸிடம் ஒப்படைத்தார். பழுது பார்த்துப் பிரயோசனமில்லை, இடித்துவிட்டுக் குழந்தைகளுக்கு மைதானம் போடலாம் என்று ஆடம்ஸ் சொன்னார். 1894ல் மைதானம் திறந்தது. சிகாகோவின் முதல் பொது விளையாட்டு மைதானம் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும்.

அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள்? சிலரைச் சட்டப்படிக் காலி செய்ய வைத்த பிறகுதான் இடிக்க முடிந்தது. அவர்கள் அந்த வீடுகளுக்காக வருந்துவதை நிறுத்தவேயில்லை என்று ஆடம்ஸே 1910ல் எழுதிய நினைவு நூலில் சொல்கிறார். குதிரைச் சேணம் செய்யும் ஒரு வயதான இத்தாலியரைத் தெருவில் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் எங்கேயும் தொழில் அவ்வளவு நன்றாக நடக்கவில்லை, இத்தாலி மாதிரியே தோன்றிய இடமும் வேறு கிடைக்கவில்லை என்றாராம் அவர். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கழிவிடம், உள்ளே இருந்தவருக்கு இத்தாலி. ஆடம்ஸ் இதை எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். மைதானம் தேவை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை. ஆனால் அந்தச் சேணக்காரர் போகமாட்டேன் என்கிறார். 1894ன் கூடையில் 1963ன் விதை கிடந்தது.

இரண்டாவது திட்டம்

ஆடம்ஸுக்கு 1931ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1935 மே மாதம் இறந்தார். பேட்டையின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மெக்சிகோவிலிருந்தும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள். கறுப்பின மக்களுக்குக் கதவை முழுசாகத் திறக்க ஹல் ஹவுஸ் ரொம்பத் தாமதித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே நகரத்தைத் திட்டமிடுகிறவர்களும் வண்ணம் பூசக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் அமெரிக்க நகரங்களைப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. யார் வாழ்கிறார்கள் என்பதே தரத்துக்கு ஓர் அளவுகோல். ஹல் ஹவுஸ் வரைபடத்துக்கும் இதற்கும் நேரடி வாரிசு உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்கலாம். கெல்லியின் கறுப்புச் சதுரம் இவர்களுக்கு நியாயமான கூலி கொடு என்றது. கடன் நிறுவனத்தின் சிவப்பு இவர்களை நம்பாதே என்றது. வண்ணம் பூசுவது ஒரே தொழில்நுட்பம், யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

1949ல் நகரப் புதுப்பிப்புக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. அதே வருடம் ஹல் ஹவுஸைச் சுற்றியிருந்தவர்கள் நியர் வெஸ்ட் சைடு திட்டக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள். நம்மை வெளியேற்றாமல் நம் பேட்டையைச் சீர்திருத்த நாமே திட்டம் போடுவோம் என்பது நோக்கம். வருடக்கணக்காகக் கூட்டம் போட்டார்கள். அதில் தன்னார்வலராக இருந்தவர் ஃப்ளாரன்ஸ் ஸ்காலா. 1918ல் பிறந்தவர், இத்தாலியத் தையல்காரரின் மகள். சிறுமியாக ஹல் ஹவுஸில் வளர்ந்தவர். இடிபாடான வீடுகள் போய்ப் புதிய வீடுகள் வரும், நாம் இங்கேயே இருப்போம் என்று அவரும் அண்டை வீட்டாரும் நம்பினார்கள். நகரமும் அப்படித்தான் சொன்னது.

1961 பிப்ரவரியில் மேயர் ரிச்சர்ட் டேலி வேறொன்றை அறிவித்தார். இலினாய் பல்கலைக்கழகத்துக்குச் சிகாகோவில் ஒரு நிரந்தர வளாகம் வேண்டும். 1946லிருந்து ஏரிக்கரையில் நேவி பியர் என்ற துறைமுகக் கட்டடத்தில் இரண்டு வருடப் படிப்பு மட்டும் நடந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களை யோசித்துப் பார்த்தார்கள். ஒன்றில் ரயில்வே நிறுவனங்கள் இழுத்தடித்தன, இன்னொன்று பூங்கா நிலம், சட்டச் சிக்கல். ஹாரிசன் தெருவும் ஹால்ஸ்டெட் தெருவும் சேரும் பகுதி ஏற்கனவே புதுப்பிப்புக்குக் குறிக்கப்பட்டிருந்தது. குடியிருப்பவர்கள் தங்கள் வீடுகளுக்காக வாங்கிய முத்திரையே அவர்களை வெளியேற்றும் உத்தரவானது.

பெண்கள் கிளம்பினார்கள். இத்தாலிய, மெக்சிக, கிரேக்க வீட்டு அம்மாக்கள். ஊர்வலம் போனார்கள். மேயர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். வழக்குப் போட்டார்கள். ஸ்காலாவின் வீட்டில் 1962ல் குண்டு வெடித்தது. அவர் விடவில்லை. ஹல் ஹவுஸிலிருந்து அவர்களோடு நின்றவர் ஜெஸ்ஸி பின்ஃபர்ட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே குடிவந்து, ஆடம்ஸோடு வேலை செய்து, அறுபது ஆண்டுக்கு நெருக்கமாக அங்கேயே வாழ்ந்தவர். வயது எண்பதுக்கு மேல்.

ஹல் ஹவுஸ் நிறுவனம்? 1895லேயே அது அறங்காவலர் குழுவின் பேரில் பதிவான சட்டபூர்வ அமைப்பு. அந்தக் குழுவில் பெரும்பாலோர் அந்தத் தெருவில் வாழாதவர்கள். கடைசியில் அவர்கள் 8,75,000 டாலருக்கு வளாகத்தை விட்டுக்கொடுத்தார்கள். நகரத்தின் வெவ்வேறு இடங்களில் பிரிந்து இயங்கலாம் என்று முடிவு செய்தார்கள். எதிரியைவிட இதுதான் ஸ்காலாவை அதிகம் புண்படுத்தியது. இந்த மனிதர்களிடமிருந்துதான் அவர் கூட்டம் நடத்தவும் கேள்வி கேட்கவும் கற்றுக்கொண்டிருந்தார்.

1963 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. இடிப்பு தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். பின்ஃபர்ட் தான் பிறந்த ஐயோவா ஊருக்கே திரும்பிப் போய் 1966ல் இறந்தார். 13 கட்டடங்களில் 11 போயின. ஹல் கட்டிய மூல வீட்டையும் சாப்பாட்டுக்கூடத்தையும் மட்டும் விட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தைப் பெயர்த்துத் தள்ளி வைத்தார்கள். மூல வீட்டில் ஆடம்ஸ் காலத்தில் சேர்த்த மூன்றாம் மாடியை எடுத்துவிட்டு, 1856ல் இருந்த மாதிரி ஆக்கினார்கள். அதாவது நில வியாபாரியின் வீடாக. 1967ல் அது அருங்காட்சியகமானது.

அப்புறம்

வளாகம் 1965 பிப்ரவரியில் திறந்தது. வால்டர் நெட்ச் வடிவமைத்தது. முழுக்கக் கான்கிரீட். மாணவர்கள் கட்டடத்துக்குக் கட்டடம் போக உயரத்தில் கருங்கல் நடைபாதைகள், நடுவில் பிரம்மாண்டமான திறந்தவெளி மன்றம். ஜனங்கள் கூடிப் பேசுவார்கள் என்று வரைந்திருந்தார். சிகாகோ குளிர்காற்றில் யாரும் கூடவில்லை. 1990களில் நடைபாதைகளையும் மன்றத்தையும் இடித்துவிட்டார்கள். ஹல் ஹவுஸ் 74 வருடம் நின்றது, அதை இடித்துக் கட்டிய மன்றம் முப்பது வருடம்கூட நிற்கவில்லை.

ஆனால் டேலியை வில்லனாக்கிக் கதையை முடிக்க மனம் வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் வந்ததால்தான் சிகாகோவின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே ரயிலில் போய்ப் பட்டம் வாங்கினார்கள். குறைந்த செலவில் கிடைத்த ஓர் இன்ஜினியரிங் பட்டம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். ஆடம்ஸ் இருந்திருந்தால் பல்கலைக்கழகமே வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கவில்லை. மைதானத்துக்காக வீட்டை இடித்தவர்தானே அவர். வித்தியாசம் என்னவென்றால், அவர் காலி செய்யவைத்த சேணக்காரரைப் பதினைந்து வருடம் கழித்தும் அதே தெருவில் சந்தித்து அவர் சொல்வதைக் கேட்க முடிந்தது. தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தார். தப்புச் சூப்பு போட்டால் மறுநாள் காலையில் அதே வாசலில் அந்தப் பெண்மணியை எதிர்கொள்ள வேண்டும். 1961ல் கையெழுத்துப் போட்ட யாருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

பிரிந்து இயங்கிய ஹல் ஹவுஸ் நிறுவனம் அரசு மானியத்தை நம்பியே பல வருடம் ஓடியது. 2012 ஜனவரியில் பணமில்லாமல் திடீரென்று கதவை மூடியது. சொந்தத் தெரு இல்லாத சமுதாயக் கூடத்தைக் காப்பாற்ற எந்தத் தெருவும் ஊர்வலம் போகவில்லை.

ஸ்காலா 1964ல் ஆல்டர்மன் தேர்தலில் நின்று தோற்றார். ஆனாலும் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. இடிபடாமல் மிஞ்சிய டெய்லர் தெருவில், 1980ல் ஓர் உணவகம் திறந்தார். 'ஃப்ளாரன்ஸ்' என்று பேர். 2007ல் இறக்கும்வரை அந்தப் பேட்டைக்காரராகவே இருந்தார்.

இன்று எங்காவது ஒரு பழைய பேட்டையில் புதிய கூடத்துக்குக் கூட்டம் போட்டு, வண்ணச் சீட்டைக் கையில் கொடுத்து, நூலகம் வேண்டுமா, நீச்சல் குளம் வேண்டுமா என்று கேட்டால், பதில் சொல்லிவிட்டு இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். இந்தக் கட்டடத்தின் பத்திரம் யார் பேரில் இருக்கும்? அதை விற்கலாம் என்று முடிவெடுக்கிறவர்களில் இந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்?